கண்ணாடிச் சமுத்திரம்

மதுரை மாநகரில் குடியிருக்கும் ஒருவன் தன் வீட்டுக் கூடத்தில் சமுத்திரம் ஒன்றை ஸ்தாபிக்கப் போவதாகச் சொன்னால், கேட்கிறவர்கள் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பது இயற்கையே. "வைகையிலேயே வருஷத்தில் பாதி நாள் ஜலத்தைக் காணோம். இவருக்கு வீட்டுக்குள் கடல் வேண்டுமாம்!" என்று என் மனைவி சமையலறையிலிருந்தே தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தாள். அவளுடைய அபிப்பிராயங்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்து வந்திருக்கின்றன. ஆனால் அன்று வீட்டில் பெரும்பான்மை என் பக்கம் இருந்தது. பதினோரு வயது நிரம்பிய என் பெண் இரண்டு கைகளையும் தூக்கி எனக்கு ஆதரவு தெரிவித்து விட்டாள்.

நான் உயிர்நூல் கற்பிக்கும் உபாத்தியாயன். சுமார் இருபது வருஷமாகக் கடல் பிராணிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். எதைக் காட்டிச் சொல்கிறேன்? ஆய்வுக்கூடத்து அலமாரியில், ஃபார்மலின் புட்டிகளுக்குள், நிறமெல்லாம் வெளுத்துத் தங்கள் பிறப்பையே மறந்துவிட்ட சில ஜீவன்களைக் காட்டித்தான். நட்சத்திர மீனும் சாம்பல் நிறம், நண்டும் சாம்பல் நிறம், அவற்றை வைத்திருக்கும் அலமாரியும் சாம்பல் நிறம். "கடலில் இதற்கு நல்ல சிவப்பு நிறம்" என்று நான் சொல்லும்போது மாணவர்கள் மரியாதைக்காக நம்புவார்கள். ஆகவே உயிருள்ள கடலில் ஒரு துண்டு என் கண் முன்னால் இருக்க வேண்டுமென்ற ஆசை எனக்கு வெகு நாளாக உண்டு. குழந்தைக்காக வாங்குகிறேன் என்று நான் எல்லோரிடமும் சொன்னது பாதி உண்மைதான்.

தொட்டி வந்தது. நீளம் 60 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 40. கணக்குப் போட்டால் 96 லிட்டர் பிடிக்க வேண்டும். மணலும் பாறையும் போட்ட பிறகு சுமார் 80 லிட்டர் ஜலம் நிற்கும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அப்படியானால் என் சமுத்திரத்துக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பு வேண்டும். "இவ்வளவுதானே! கடையில் கல் உப்பு கிடைக்கிறதே" என்றாள் மனைவி. சமையல் உப்பு போதாது. மக்னீஷியம், கால்ஷியம், கந்தக உப்புகள் எல்லாம் கடலில் இருக்கும் விகிதத்தில் இருக்க வேண்டும். அதற்கென்றே பொட்டலமாக ஓர் உப்பு விற்கிறார்கள் என்று விளக்கினேன். விலையைக் கேட்டதும் அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை ஜலம் நிரப்பினோம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனோம். இந்த ஒரு வாக்கியத்தில் என் குற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கடைக்காரர் மிகவும் நல்ல வார்த்தை பேசினார். நீல டாங் ஒன்று, டாம்ஸல் இரண்டு, மஞ்சளும் கறுப்புமாக வண்ணத்துப் பூச்சி மீன் ஒன்று. "இவை என்ன சாப்பிடும்?" என்று என் பெண் கேட்டாள். "எதைப் போட்டாலும் சாப்பிடும், பாப்பா" என்றார் அவர். அந்தப் பதில் எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது. பட்டம் வாங்கியவன், பாடம் நடத்துகிறவன், ஒரு கேள்வியாவது மேலே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திங்கள்கிழமை வண்ணத்துப் பூச்சி மீன் ஒரு மூலையில் ஒதுங்கியது. அந்த வகையில் பல பவள உயிர்களையே கொத்தித் தின்று வாழ்பவை என்பதைப் பிறகு படித்தேன். டாம்ஸல்கள் இரண்டும் தொட்டியைப் பாகப்பிரிவினை செய்துகொண்டு, எல்லையில் அல்லும் பகலும் சண்டை போட்டன. புதன்கிழமை எல்லா மீன்களும் ஜலத்தின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சனிக்கிழமைக்குள் நான்கும் முடிந்தன. என் பெண் அவற்றைக் கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தாள். அழவில்லை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில், "நான்கு மீன். ஆறு நாள்" என்று எழுதி வைத்தாள். அடுத்த இரண்டு நாள் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. அதைவிட அந்த நான்கு வார்த்தைகள்தான் என்னை வாட்டின.

என்ன நடந்தது என்பது ரசாயனத்தில் எளிய விஷயம். மீன் கழிப்பதும், மிஞ்சிய உணவு அழுகுவதும் அம்மோனியாவாக மாறுகின்றன. அது விஷம். கடல் நீர் காரத்தன்மை உடையது. அதனால் நல்ல ஜலத்தைக் காட்டிலும் உப்பு ஜலத்தில் அந்த விஷத்தின் வீரியம் அதிகம். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். இந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒரு வகை. நைட்ரைட்டைத் தின்று அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறொரு வகை. இவ்விரண்டு கூட்டமும் மணலிலும் பாறையிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். நானோ தோட்டிகள் இல்லாத ஊரில் ஜனங்களைக் கொண்டு போய்க் குடிவைத்துவிட்டேன். ஊர் ஒரு வாரத்தில் அழிந்தது. பதினோராம் வகுப்புக்கு நைட்ரஜன் சுழற்சியைப் படம் போட்டு விளக்குகிறவன் நான் என்பதை இங்கே சொல்லாமல் இருப்பதே எனக்குக் கௌரவம். ஆனாலும் சொல்லி விடுகிறேன்.

இந்தப் பாடத்தை மனித ஜாதி புதிதாகக் கற்கவில்லை. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், மீனும் நீர்ச் செடியும் நத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்று எழுதி வைத்தார். 1853-இல் அந்நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று ஒரு மண்டபம் திறந்தார்கள். நம் சென்னை மெரீனாவிலும் 1909-இல் ஒரு கடல் மீன் காட்சிச் சாலை ஏற்பட்டுப் பல வருஷம் ஜனங்களை இழுத்தது. இன்று அது இல்லை. இவையெல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்து தேசத்துக் கதை. ஸர் ஜான் டாலியல் என்பவர் 1828-இல் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். பூவைப் போல் தோன்றும் பிராணி அது. வளர்த்தவர் 1851-இல் காலமானார். பிராணியோ கை மாறிக் கை மாறி, "பாட்டி" என்று பெயரும் பெற்று, 1887 வரையில் ஜீவித்திருந்தது. மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை. ஜாடியின் ஜலத்தைத் தவறாமல் மாற்றியவர்கள் மட்டும் இருந்தார்கள். அதைப் படித்த அன்றுதான் தொட்டியை விற்றுவிடும் யோசனையைக் கைவிட்டேன்.

மறுபடியும் ஆரம்பித்தோம். ஆனால் இந்தத் தடவை மீன் இல்லை. வெறும் ஜலம், மணல், சுட்ட களிமண்ணால் செய்த பாறைகள், சுற்றிக்கொண்டே இருக்கும் பம்ப். நுண்ணுயிர்களுக்கு ஆகாரம் வேண்டுமே என்று தினந்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைக் காலித் தொட்டியில் போட்டேன். அடுத்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, "சார் மீன் இல்லாத தொட்டிக்குச் சாப்பாடு போடுகிறார்" என்று தெரு முழுவதும் செய்தி பரப்பினார். இரண்டொருவர் என் உடம்பு சௌக்கியத்தை விசாரித்தார்கள். வாரத்துக்கு இரு முறை ஜலத்தைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்போம். என் பெண் நோட்டுப் புத்தகத்தில் பதிந்து வந்தாள். அம்மோனியா ஏறியது, இறங்கியது. பிறகு நைட்ரைட் ஏறியது. அது இறங்கவே மாட்டேன் என்று மூன்று வாரம் அடம் பிடித்தது. ஆறாவது வாரத்தின் கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தன. அன்று வீட்டில் பாயசம்.

அதன் பிறகுதான் உண்மையான சங்கடம் ஆரம்பித்தது: யாரை அழைப்பது?

எண்பது லிட்டருக்கு எத்தனை மீன் என்று கேட்டால் புத்தகங்கள் பலவிதமாகச் சொல்லும். நான் மூன்று என்று வைத்துக்கொண்டேன். "இவ்வளவு பெரிய தொட்டியில் மூன்றே மீனா? கல்யாணச் சத்திரத்தை வாடகைக்குப் பிடித்து மூன்று பேருக்கு இலை போட்டது போல் இருக்கிறது" என்றாள் மனைவி. ஆனால் உப்பு ஜலத்தில் பிராணவாயு நல்ல ஜலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கரையும். அத்துடன், ஆற்று மீனும் குளத்து மீனும் வெள்ளத்தையும் வறட்சியையும் பார்த்துப் பழகியவை. பவளப் பாறைகளில் வாழும் மீனோ நாளுக்கு நாள் மாறாத ஜலத்தில் பிறந்து வளர்ந்தது. சிறு தொட்டியில் ஒரு மீன் செத்தால்கூட அன்று மாலைக்குள் ஜலத்தின் குணமே மாறிவிடும். பெரிய சமுத்திரம் எல்லாவற்றையும் மன்னிக்கும். என் சமுத்திரத்துக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை.

நானும் என் பெண்ணும் உட்கார்ந்து ஒரு ஜாபிதா தயாரித்தோம். அதில் பெரும்பாலும் அடித்தல்களே. நீல டாங் வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் இருக்கும். எங்கள் தொட்டியின் நீளத்தில் பாதி. கடையில் விரல் நீளத்துக்கு இருப்பது குழந்தை. அதைத் தொட்டியில் பிறக்க வைத்து வளர்க்க வெகு காலம் யாராலும் முடியவில்லை. 2016-இல்தான் ஃபிளாரிடா சர்வகலாசாலைக்காரர்கள் முதல் முதலாக அதைச் சாதித்தார்கள். அடித்தாயிற்று. மாண்டரின் மீன் பட்டுப் புடவை உடுத்தியது போல் அவ்வளவு அழகு. ஆனால் நாள் முழுவதும் பாறையிடுக்கில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பொறுக்கித் தின்று கொண்டே இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் மெள்ள மெள்ளப் பட்டினியால் சாகும். பெட்டி மீன் பயந்தால் விஷத்தைக் கக்கி அண்டை அயலாரையும் தன்னையும் சேர்த்துக் கொன்றுவிடக் கூடும். கடல் சாமந்திக்கு நல்ல வெளிச்சமும் பழகிய தொட்டியும் வேண்டும்; அல்லாமலும் அது இரவில் நகர்ந்து போய்ப் பம்பில் மாட்டிக்கொள்ளும் சுபாவம் உடையது. எல்லாம் அடித்தாயிற்று. என் பெண் ஒவ்வொரு பெயரையும் அடிக்குமுன் அதன் படத்தைச் சற்று நேரம் பார்ப்பாள். பிறகு நேர்க்கோடு போடும் மட்டத்தை வைத்துக் கோடு கிழிப்பாள்.

இன்னொரு விஷயமும் எங்களுக்குத் தெரிய வந்தது. பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களில் 1960-களிலிருந்து, பாறை இடுக்கில் ஒளிந்த மீனை மயக்கிப் பிடிப்பதற்குச் சயனைடு விஷத்தை ஜலத்தில் பீய்ச்சும் வழக்கம் ஏற்பட்டது. மீன் மயங்கும், பிறகு தெளியும், கடைக்கு வந்து பளபளவென்று நீந்தும், வாங்கியவர் வீட்டில் சில வாரத்தில் செத்துப் போகும். மீனைச் சுற்றியிருந்த பவளமோ அங்கேயே செத்திருக்கும். ஆகையால், 'தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?' என்பதை முதல் கேள்வியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். இரண்டாவது கேள்வி: 'என்ன சாப்பிடும்? எங்கள் எதிரில் ஒரு தடவை சாப்பிடச் செய்து காட்ட முடியுமா?'

இந்தக் கேள்விகளோடு ஒரு விடுமுறையில் ரயிலேறி, கடல் மீன் விற்கும் வேறொரு பட்டணத்துக்குப் போனோம். முதலில் நுழைந்த கடையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கடைக்காரர் எங்கள் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டார். நாங்கள் சாதாரண வாடிக்கைக்காரர்கள் அல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு சாமான் இருக்கிறது. வெளியில் காட்டுவதில்லை" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். ஈரச் சாக்கு போட்டு மூடிய ஒரு பிளாஸ்டிக் வாளி. சாக்கை விலக்கினார். உள்ளே இரண்டு கடல்குதிரைகள், காற்றுக் குழாயை ஒரே இடத்தில் வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

இங்கே நேயர்களுக்கு ஒரு பழைய சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். 2000-ஆம் வருஷத்தில் நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது மண்டபத்துக்கு எங்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். அந்தக் கரையோரத்தில் அப்போது கடல்குதிரைகளை உலர்த்திச் சீன வைத்தியத்துக்காக ஏற்றுமதி செய்கிற வியாபாரம் நடந்து வந்தது. நான் ஒன்றைச் சில ரூபாய் கொடுத்து வாங்கினேன். பல வருஷம் அது என் மேஜையின் மீது இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டி, "இந்த ஜாதியில் ஆண்தான் கர்ப்பம் தரிக்கும், குஞ்சுகளைப் பையில் வைத்துச் சுமப்பது தகப்பன்" என்று உபந்நியாசம் செய்வேன். ஒரு மழைக் காலத்தில் பூசணம் பூத்து உதிர்ந்தது. நான் வாங்கிய மறு வருஷம், 2001-இல், கடல்குதிரை இனம் முழுவதையும், கடல் அட்டைகளையும், பாறை கட்டும் பவளங்களையும், கடல் விசிறிகளையும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இதை நான் வகுப்பில் நடத்துகிறேன்; பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான், அந்த வாளியின் முன்னால் நின்றபோது என் கை சட்டைப் பைக்குப் போயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. உயிரோடு ஒரு கடல்குதிரையை அவ்வளவு அருகில் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. கண்கள் இரண்டும் தனித் தனியே அசைந்தன. முதுகில் கண்ணாடித் துண்டு போன்ற சிறு துடுப்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

என் பெண் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "இது என்ன சாப்பிடும்?" என்று கேட்டாள்.

"எதைப் போட்டாலும் சாப்பிடும், பாப்பா" என்றார் கடைக்காரர்.

கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது வயிற்றில் தங்காது. ஒரு நாளைக்குப் பல தடவை, அதுவும் பெரும்பாலும் உயிருள்ள சிறு இறால்களாக அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பையிலிருந்து கையை எடுத்தேன்.

வெளியே வந்ததும், "அவை இரண்டும் என்ன ஆகும், அப்பா?" என்றாள். "வேறு யாராவது வாங்குவார்கள்" என்றேன். "அவர்கள் வீட்டில்?" நான் பதில் சொல்லவில்லை. வன இலாகாவுக்கு ஒரு வார்த்தை தெரிவித்திருக்க வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அன்று நான் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது, மண்டபத்தில் வாங்கிய உலர்ந்த கடல்குதிரையின் கதையை அவளிடம் சொன்னேன். "அது எவ்வளவு விலை?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கடையில் எங்கள் காரியம் முடிந்தது. அங்கே கோமாளி மீன்கள் தொட்டியில் பிறந்தவை. 2003-இல் அமெரிக்கர்கள் எடுத்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற சித்திரப் படத்தினால் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த அதே ஆரஞ்சும் வெள்ளையுமான மீன். அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வித்தை இப்போது நம் தேசத்திலும் இருக்கிறது. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் செய்து, விரும்பியவர்களுக்குக் கற்றுக் கொடுத்தும் வந்திருக்கிறார்கள். கடலையே பார்த்திராத மீன் அது. கடல் சாமந்தி இல்லாமலும் கவலையின்றி வாழும். கடைக்காரர் இரண்டு உருண்டை உணவைப் போட்டுக் காட்டினார். பாய்ந்து வந்து தின்றன. ஒன்று சற்றுப் பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் பார்த்து ஒரு ஜோடி வாங்கினோம். அதற்குக் காரணம் உண்டு. இந்த ஜாதியில் எல்லாக் குஞ்சுகளும் முதலில் ஆண்களே. கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாகி வீட்டுக்கு அதிபதியாகிவிடும். அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாகும். இதைக் கேட்ட என் மனைவி முதல் தடவையாகத் தொட்டியின் அருகில் வந்து நின்று, "எது பெரியது?" என்று விசாரித்தாள்.

மூன்றாவது, உழுவை மீன் இனத்தில் மஞ்சள் நிறமான ஒன்று. அதனோடு ஒரு பிஸ்டல் இறால். இவர்களுடைய கூட்டுக் குடித்தனத்தைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். இறாலுக்குப் பார்வை மிகவும் மந்தம்; ஆனால் குழி தோண்டுவதில் நிபுணன். மீனுக்குக் கண் கூர்மை. வீடு கட்டத் தெரியாது. இறால் தோண்டித் தோண்டி மணலை வெளியே தள்ளும். வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையில் ஒன்றை மீனின் உடம்பின் மீது வைத்துக்கொண்டே வரும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், இருவரும் உள்ளே. மணிக்கணக்காக இதை நான் பார்த்துக்கொண்டிருந்து விடைத்தாள் திருத்துவதைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். இறாலின் ஒரு கொடுக்கு மிகப் பெரியது. அதை மூடும் வேகத்தில் ஜலத்தில் ஒரு குமிழ் உண்டாகி உடைந்து வெடிச் சத்தம் கேட்கும். வந்த முதல் நாள் நடுநிசியில் 'டக்' என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு என் மனைவி, கண்ணாடி விரிந்துவிட்டதென்று எண்ணி வீட்டிலுள்ள அண்டா குண்டாக்களையெல்லாம் கூடத்தில் கொண்டு வந்து வைத்துவிட்டாள்.

பரிவாரங்களாகச் சில நத்தைகள், நான்கு சந்நியாசி நண்டுகள், மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் செந்நிற இறால் ஒன்று. சந்நியாசி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. வளர வளர வேறு காலி ஓட்டுக்குக் குடிபெயரும். கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று அதன் வீட்டை அபகரிக்கும். ஆகவே என் பெண் பாட்டியின் பல்லாங்குழிச் சோழிகளில் ஆறேழைத் தொட்டியில் போட்டாள். சோழியின் வாய் குறுகலானது. ஒரு நண்டும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் அகன்ற நத்தை ஓடுகளைக் கடையிலிருந்து வரவழைத்தோம். அதற்குள் இரண்டு நத்தைகள் காலி. சந்தேகம் நண்டின் பேரிலா, பிஸ்டல் இறாலின் பேரிலா என்பது இன்னும் தீரவில்லை.

ஒரு நாள் காலையில் அலறல் கேட்டு ஓடினேன். செந்நிற இறால் மணலில் மல்லாந்து கிடந்தது. என் பெண் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டாள். எழுத மனமில்லாமல் நின்றாள். நான் வலையால் அதை எடுத்தேன். மீசை, கால், கண் எல்லாம் இருக்கிறது. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. காகிதம் போல் கனமில்லாத வெறும் சட்டை. பத்து நிமிஷம் தேடின பிறகு, பாறைக்குப் பின்னால், புதுச் சட்டை இறுகும் வரையில் வெட்கப்பட்டு ஒளிந்திருந்த இறாலைக் கண்டோம். அந்தச் சட்டை இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. ஃபார்மலின் தேவையில்லை; நிறமும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

மதுரை வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பவளக் கடல் மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி உஷ்ணம் உத்தமம். சித்திரை மாதத்தில் எங்கள் கூடமோ அடுப்பங்கரை. தொட்டியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. ஆனால் ஜலம் ஆவியாகிறது. ஆவியாவது ஜலம் மாத்திரமே, உப்பு அல்ல. குறைந்ததை ஈடுகட்ட நல்ல ஜலத்தைத்தான் ஊற்ற வேண்டும். ஆரம்பத்தில் நான் உப்பு ஜலத்தை ஊற்றிக் கடலை மேலும் கடலாக்கிக் கொண்டிருந்தேன். நோட்டுப் புத்தகம்தான் தவறைக் காட்டிக் கொடுத்தது.

மே மாதத்தில் ஓர் இரவு மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. பம்ப் நின்றுவிட்டது. கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கத் தொடங்கின. அந்தக் காட்சியை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். நான் ஒரு செம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். பாதி தரையில் சிந்திற்று. "தள்ளுங்கள்!" என்று ஒரு குரல் கேட்டது. இருபது வருஷம் காப்பி ஆற்றிப் பழகிய கை அது. ஒரு சொட்டு சிந்தாமல், நுரை பொங்க, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் சமுத்திரத்தை ஆற்றிக்கொண்டிருந்தாள். கை வலித்தபோது பெண்ணும் நானும் முறை மாற்றிக்கொண்டோம். இரண்டே காலுக்கு விளக்கு வந்தது. மறு நாளே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கினேன். அவள்தான் பணம் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது ஒரு வருஷம் நிறைந்திருக்கிறது. மூன்று மீன்களும் சௌக்கியம். பெரிய கோமாளி தன் துணையை விரட்டி வேலை வாங்குகிறது. வாரத்துக்கு ஒரு தடவை எட்டு லிட்டர் ஜலம் மாற்றுகிறோம். போன வாரம் கடைக்காரரிடமிருந்து தகவல் வந்தது: தொட்டியில் பிறந்த சிறு மீன் ஒன்று, சாதுவான ஜாதி, எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது, உருண்டை உணவு தின்கிறது. நான்காவது மீனுக்கு இடமிருக்கிறது என்று என் மனைவி வாதிக்கிறாள். இடமில்லை என்று என் பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நைட்ரேட் கணக்கைக் காட்டுகிறாள். இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் தீர்ப்பை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்தி வைத்திருக்கிறேன்.